பூமியின் நடுவில் இரும்பு என்று யார் போய்ப் பார்த்தது?

வாசகர் கேள்வி:

திருகோணமலை உப்புவெளியில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அண்மையில் பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஒருவன், "ரீச்சர், இந்தச் சூடு பூமியின்ர நடுவில இருந்தா வருது? கீழ எரிமலை இருக்கா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி, "நடுவில இரும்பு எண்டு புத்தகத்தில இருக்கு, ஆர் போய்ப் பாத்தது?" என்றாள். விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். புதன், வெள்ளி, செவ்வாய்க்கும் உள்ளே இதே மாதிரித்தானா? இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கேள்வி கேட்ட பிள்ளை இதையே படிக்க வேண்டும் என்று நிற்கிறாள், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் ரீச்சர். அந்தப் பிள்ளையிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. போகவும் முடியாது. ரஷ்யாவின் கோலாவில் 1970இல் துளைக்கத் தொடங்கி 1989 வரை மல்லுக்கட்டி இறங்கிய ஆழம் 12,262 மீற்றர். பூமியின் நடுவுக்கு 6,371 கிலோமீற்றர். அதாவது போன தூரம் நூற்றில் ஒரு பங்கின் காலளவுகூட இல்லை, அந்த ஆழத்திலேயே 180 பாகை சூடு, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம், துளைகருவி தாங்கவில்லை. ஆகவே "கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் பிள்ளைகள் நம்பாமல் இருப்பதுதான் நியாயம். பார்க்காமலே எப்படித் தெரியும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர், பாடப்புத்தகமோ அதை விட்டுவிட்டு நான்கு நிறத்தில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

முதலில் கன்னியாவை முடித்துவிடுவோம். பொடியனுக்குச் சுருக்கமான பதில்: எரிமலை இல்லை, அந்தச் சூடு பூமியின் நடுவில் இருந்து நேராக வருவதும் இல்லை. இலங்கை முழுவதிலுமே உயிருள்ள எரிமலை கிடையாது. நம் காலுக்குக் கீழே இருப்பது மிகப் பழைய, இறுகிப்போன பாறை, அதில் வெடிப்புகளும் பிளவுகளும் உண்டு. மழைநீர் அந்தப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கும். பெரும்பாலான ஊர்களில் ஒரு கிலோமீற்றர் கீழே போனால் கிட்டத்தட்ட 25, 30 பாகை சூடு கூடும், இது கன்னியாவுக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை, உங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கீழேயும் அதே கதைதான். இறங்கிய நீர் சூடாகி இன்னொரு பிளவு வழியாக ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் விறுவிறு என்று மேலே வந்தால் அது வெந்நீர் ஊற்று. கன்னியாவில் நீர் 40 பாகைக்கு அருகில் நிற்கிறது, சாதாரணக் கிணற்று நீரைவிட ஒரு 10, 12 பாகை கூட. கணக்குப் பார்த்தால் அரைக் கிலோமீற்றர் இறங்கி வந்தாலே போதும், வழியில் ஆறுவதையும் குளிர்ந்த நீர் கலப்பதையும் சேர்த்தால் அதைவிட ஆழமாக இருக்கலாம். ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சூடு ஒன்றுக்கொன்று மாறுவது ஏன் என்று கேட்டால், ஒவ்வொன்றிலும் மேல்நீர் கலக்கும் அளவு வேறாக இருக்கலாம் என்று யோசிக்கத் தூண்டுங்கள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வாளால் குத்தி எடுத்த கிணறு என்ற கதையை மறுக்கத் தேவையில்லை. ஆடி அமாவாசைக்கு அங்கே போகிறவர்கள் வெப்பமானி கொண்டு போவதில்லை. இரண்டும் தங்கள் தங்கள் இடத்தில் இருக்கட்டும்.

சரி, இரும்புக்கு வருவோம்.

இதற்கு மூன்று பிடிமானங்கள் இருக்கின்றன: எடை, சுழற்சி, அதிர்வு. ஒரு கோளைப் பற்றி இந்த மூன்றில் எத்தனை கையில் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதன் உள்ளே இருப்பதைத் துணிந்து சொல்லலாம். நான் சொல்லவந்தது இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் இதன் விளக்கம்.

எடையை வகுப்பிலேயே செய்து காட்டலாம். கடற்கரையில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து வரச் சொல்லுங்கள். முருகைக்கல் வேண்டாம், அதில் துளை அதிகம், கணக்கு பிழைக்கும். கோணேசர் மலையிலும் கை வைக்க வேண்டாம், கோயிலடியில் யாரும் சும்மா விடமாட்டார்கள். சமையலறைத் தராசில் கல்லை நிறுங்கள், பிறகு அளவு குறித்த ஒரு பிளாஸ்ரிக் சாடியில் நீர் ஊற்றி, நூல் கட்டிய கல்லை மெதுவாக இறக்கி நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கல் 530 கிராம், நீர் 200 மில்லிலீற்றர் ஏறியது என்றால் அடர்த்தி 2.65, அதாவது ஒரு மில்லிலீற்றர் இடத்துக்கு 2.65 கிராம். எந்தக் கல்லைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் 2.6க்கும் 3க்கும் இடையில்தான் வரும், பிள்ளைகள் வேறுவேறு கல் கொண்டு வந்து ஒரே மாதிரி விடை வருவதைக் கண்டு கொஞ்சம் சலித்துப்போவார்கள், அந்தச் சலிப்பு நல்லது. அப்போது சொல்லுங்கள், பூமி முழுவதையும் சேர்த்து நிறுத்தால் அடர்த்தி 5.51. இங்கிலாந்தில் ஹென்றி கவண்டிஷ் 1798இலேயே, ஒரு அறைக்குள் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு அவை ஒன்றையொன்று இழுப்பதை அளந்து, இன்றைய மதிப்புக்கு மிக அருகில் வந்துவிட்டார். மேலே கிடைக்கும் கல் எல்லாம் மூன்றுக்குள், முழுதும் சேர்த்தால் ஐந்தரை. அப்படியென்றால் கீழே எங்கேயோ மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "கீழ இருக்கிற கல் அமுங்கி இறுகியிருக்கும்தானே, இரும்பு எதுக்கு?" என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உண்மைதான், அமுங்கும். 2,890 கிலோமீற்றர் ஆழத்தில் பாறையின் அடர்த்தி ஐந்தரைக்கு ஏறிவிடுகிறது. ஆனால் அந்த அமுக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் பூமியின் சொந்த அடர்த்தி 4க்குக் கொஞ்சம் கூடவே நிற்கிறது. வெறும் கல்லால் அது முடியாது.

இரண்டாவது, சுழற்சி. ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகளில் கனம் நடுவில் திரண்டிருந்தால் சுழற்றுவது சுலபம், வெளியே பரவியிருந்தால் கடினம். இதை ஒரு எண்ணாகவே எழுதலாம். உள்ளும் புறமும் ஒரே சீரான உருண்டைக்கு அந்த எண் 0.4. கனம் நடுவுக்குப் போகப் போக எண் குறையும். பூமிக்கு 0.331. சந்திரனுக்கு 0.393, ஏறக்குறைய முழுக்கக் கல்தான், நடுவில் கொஞ்சம் இரும்பு. செவ்வாய்க்கு 0.364, இடையில். இந்த எண்கள் அந்தக் கோள்களின் அச்சு தள்ளாடும் விதத்தில் இருந்தும், சுற்றிவரும் விண்கலத்தை அவை இழுக்கும் விதத்தில் இருந்தும் வருகின்றன. யாரும் உள்ளே போகத் தேவையில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதிர்வு. திருகோணமலைக்காரர்களுக்கு இதை விளக்க நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, நம் நேரத்துக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமாத்திராவுக்கு அருகே பூமி பிளந்தது. கடல் வந்து சேர்ந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கடலுக்கு வெகு முன்பே, சில நிமிடங்களில், பாறைக்குள்ளால் அலை வந்து போய்விட்டது. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் இருக்கும் நிலநடுக்கமானியின் பதிவுப்படி அன்று இலங்கையின் தரை 9 சென்றிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. மிக மெதுவான அசைவு என்பதால் பலருக்கு அது தெரியவே இல்லை. பிறகு முழுப் பூமியும், அடித்த கோயில் மணியைப் போல, வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது, அதில் மிக ஆறுதலான அசைவு ஒருமுறை போய்வர 54 நிமிடம். மணியின் ஓசையை வைத்து வெண்கலமா இரும்பா, உள்ளே வெடிப்பா என்று கண்டுபிடிக்கிறோம் இல்லையா, அப்படித்தான் அந்த அதிர்வை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும் நெட்டாங்கு அலை, பக்கவாட்டில் அசையும் குறுக்கலை என்று நீங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டுவீர்களே, அந்த இரண்டும் இங்கே அப்படியே வேலைக்கு வருகின்றன. நெட்டாங்கு அலை திண்மத்திலும் போகும் திரவத்திலும் போகும், குறுக்கலை திரவத்துக்குள் போகாது. பெருவிலோ சிலியிலோ பெரிய நிலநடுக்கம் வந்தால் அது பூமியின் நடுவைத் தாண்டித்தான் பல்லேகலவுக்கு நேராக வர முடியும், ஏனென்றால் தென்னமெரிக்கா நமக்கு ஏறக்குறைய அந்தப் பக்கம். வரும்போது பார்த்தால் நெட்டாங்கு அலை கொஞ்சம் பிந்தி வந்து சேர்கிறது, குறுக்கலையோ அந்த வழியில் வருவதே இல்லை. நடுவழியில் ஏதோ ஒன்று அதை விழுங்கிவிட்டது, ஆகவே அங்கே திரவம். ரிச்சர்ட் ஓல்ட்ஹம் என்பவர், இந்தியாவின் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர், 1906இல் பூமியின் நடுவில் வேறுபட்ட ஓர் உருண்டை, அதாவது கரு, உண்டு என்று அலைகளை வைத்துக் காட்டினார். அது 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது என்று பெனோ குட்டன்பெர்க் சில ஆண்டுகளில் கணக்கிட்டார். அப்புறம் 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன், நியூசிலாந்தில் 1929இல் வந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளை உட்கார்ந்து பார்த்து, அலை வரக்கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் வந்திருப்பதைக் கவனித்து, அந்தத் திரவத்துக்குள்ளே இன்னொரு திண்ம உருண்டை இருக்கிறது என்றார். அதன் ஆரம் 1,220 கிலோமீற்றர் என்பது இன்றைய கணக்கு. கணினி இல்லாத காலம், அவர் தரவுகளை அட்டைப்பெட்டிகளுக்குள் காகித அட்டைகளில் எழுதி அடுக்கி வைத்திருந்தார். உங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இவரைச் சொல்லுங்கள், எந்தத் தலைவரின் பெயரைவிடவும் இது அவர்களுக்குப் பயன்படும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் திருத்திவிடுங்கள். படங்களில் மேலோட்டுக்குக் கீழே எல்லாம் செக்கச்செவேல் என்று குழம்பாக வரைகிறார்கள், பிள்ளைகளும் நாம் ஒரு குழம்புச் சட்டியின் மேல் மிதக்கிறோம் என்று நம்பிவிடுகிறார்கள். பிழை. மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையில் உள்ள மூடகம், பூமியின் கன அளவில் ஆறில் ஐந்து பங்கு, கல். குறுக்கலை அதற்குள் தாராளமாகப் போகிறது, அதுவே சாட்சி. ஆண்டுக்குச் சில சென்றிமீற்றர் வீதம் அது நகர்கிறது, ஆனாலும் கல்தான். சில இடங்களில் மட்டும் கொஞ்சம் உருகும், அதுதான் எரிமலைக்கு வரும் குழம்பு.

அந்த மூடகம் எங்கும் ஒரே சீராகவும் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்துசமுத்திரத்தில் கடல் மட்டம், பூமி ஒழுங்கான உருவமாக இருந்தால் நிற்க வேண்டிய மட்டத்தைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அது, கண்ணால் பார்க்க முடியாத பள்ளம். அந்தப் பகுதிக்குக் கீழே, ஆழத்தில், பாறை கொஞ்சம் இலேசாக இருப்பதால் ஈர்ப்பு குறைந்து கடல் நீர் விலகி நிற்கிறது. கப்பல் பள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதும் மாலுமிக்குத் தெரியாது. நம் மீனவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் முதலில் கேட்டபோது சிரித்தேன்.

எல்லாம் சரி, கனமான திரவம் என்று தெரிகிறது, அது இரும்பு என்று எப்படித் தெரியும்? பாதரசமாக இருக்கக்கூடாதா, ஈயமாக? இதுதான் உங்கள் மாணவியின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். பிரபஞ்சத்தில் எது எவ்வளவு கிடைக்கிறது என்பதில் இருந்துதான் பதில் வருகிறது. சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தும், வானத்தில் இருந்து விழும் விண்கற்களை உடைத்துப் பார்த்தும் சூரியக் குடும்பம் எதனால் ஆனது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். கனமான உலோகங்களில் அள்ளிக் கொட்டிய அளவுக்கு இருப்பது இரும்பு ஒன்றுதான், ஈயமும் பாதரசமும் ஒரு கோளின் வயிற்றை நிரப்பப் போதாது. விழும் விண்கற்களில் ஒரு சாதி முழுக்க இரும்பும் நிக்கலும். அவை எங்கோ உடைந்துபோன சின்னக் கோள்களின் நடுப்பகுதி, அதாவது நாம் போய்ப் பார்க்க முடியாத இடம், வேறொரு கோளில் இருந்து, நம் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதோடு பூமிக்குக் காந்தப்புலம் இருக்கிறது, மின்னைக் கடத்தும் ஒரு திரவம் உள்ளே சுழன்றால்தான் அது முடியும். இரண்டு வைர முனைகளுக்கு இடையில் துளி இரும்பை வைத்து நசுக்கி, லேசரால் சூடாக்கி, அதில் அலை எந்த வேகத்தில் போகிறது என்று ஆய்வுகூடத்தில் அளந்தும் பார்த்தாயிற்று. கருவில் அலை போகும் வேகத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது, முழுக்கப் பொருந்தவில்லை, கரு சுத்த இரும்பைவிடக் கொஞ்சம் இலேசு. ஆகவே நிக்கலோடு சிலிக்கன், ஒட்சிசன், கந்தகம் மாதிரி இலேசான ஏதோ கொஞ்சம் கலந்திருக்கிறது. எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது, அந்தச் சண்டையையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

பூமி முழுவதையும் எடுத்தால் இரும்பு, ஒட்சிசன், சிலிக்கன், மக்னீசியம் என்ற நான்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு, அதில் பெரும்பகுதி கருவில்.

"கனமானது கீழே போகும், இலேசானது மேலே வரும்" என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அது பாதி உண்மைதான். இதற்குச் சான்று உங்கள் மாவட்டத்திலேயே கிடக்கிறது. புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் பெரும்பகுதி இல்மனைற், இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்தது, கூடவே சிர்க்கன், ரூட்டைல், கொஞ்சம் மொனசைற். கடற்கரையில் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பிடித்தால், கறுப்புப் பொடிக்கு நடுவில் தேன் நிறத்திலும் சிவப்பாகவும் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும், வலுவான காந்தம் ஒன்றை மேலே பிடித்தால் கறுப்புப் பொடி எழும்பி ஒட்டும், மின்னும் பொட்டுகளில் பல அசையாமல் கிடக்கும். அந்த மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. தோரியம் இரும்பைவிட எவ்வளவோ கனமான மூலகம். கனமானது எல்லாம் கீழே போகும் என்றால் தோரியம் பூமியின் அடிவயிற்றில் கிடக்க வேண்டும், புல்மோட்டைக் கரையில் அதற்கு என்ன வேலை?

விடை இரசாயனம். பூமி உருகிப் பிரிந்த காலத்தில் ஒவ்வொரு மூலகமும் யாரோடு சேர விரும்பியதோ அவரோடு போயிற்று. தோரியமும் யுரேனியமும் ஒட்சிசனோடு, பாறையோடு நின்றுவிட்டன, அதிலும் பாறை உருகும்போதெல்லாம் உருகலோடு சேர்ந்து மேலேறி மேலோட்டில் வந்து குவிந்தன. தங்கமும் பிளாற்றினமும் இரும்போடு கூடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டன. பூமியின் தங்கத்தில் மிகப் பெரும்பகுதி யாருக்கும் எட்டாத கருவில் கிடக்கிறது, கலியாண வீட்டில் பவுண் விலை கேட்டுத் தலையில் கை வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தோரியத்துக்கு நம்மவர் ஒருவரின் தொடர்பும் உண்டு. கலை வரலாற்று அறிஞர் என்று நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர், இலங்கையின் கனிய ஆய்வுக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். 1904இல் அவர் இலங்கையில் கண்டெடுத்த கனிமம்தான் தோரியனைற். அந்தத் தோரியம், யுரேனியம், பொட்டாசியம் ஆகியவை மிக மெதுவாகச் சிதைந்து விடும் வெப்பம், பூமி வெளியே விடும் மொத்த வெப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி. மிச்சப் பாதி பூமி உருவானபோது மோதி மோதிச் சேர்த்துக்கொண்ட பழைய சூடு. பொடியனின் கேள்விக்கு இப்போது இன்னும் நேராகப் பதில் சொல்லலாம்: கன்னியா நீரைச் சூடாக்குவதில் ஒரு நல்ல பங்கு அந்தப் பாறைக்குள்ளேயே இருக்கும் இந்த மூலகங்களுடையது.

இனி மற்றக் கோள்கள்.

செவ்வாயில் மூன்று பிடிமானமும் உண்டு, ஆனால் அதிர்வு ஒரே ஒரு கருவியில் இருந்து. 2018 நவம்பரில் இன்சைட் விண்கலம் அங்கே இறங்கி ஒரு நிலநடுக்கமானியைத் தரையில் வைத்தது. சூரியத் தகடுகளில் தூசி படிந்து 2022 டிசம்பரில் அது மூச்சு விடும் வரை 1,300க்கு மேல் அதிர்வுகளைப் பிடித்தது. அவற்றில் பெரியது 2022 மே 4இல், 4.7 அளவு, நம் கணக்குக்கு நடுத்தரம். இவற்றை வைத்து 2021இல் கருவின் ஆரம் 1,830 கிலோமீற்றர் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து, கருவுக்கு மேல் உருகிய பாறையாக ஒரு படை இருக்கிறது, அதையும் கரு என்று எண்ணிவிட்டோம், உண்மையான கரு 1,650 முதல் 1,675க்குள் என்றார்கள். 2025இல் அதன் நடுவில் 600 கிலோமீற்றர் ஆரத்தில் திண்மக் கரு ஒன்று இருக்கிறது என்று இன்னொரு ஆய்வு. இப்படி எண் மாறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் "இவங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொன்னால், மூன்று தடவையும் அதே கருவியின் பதிவுகள்தான், படிக்கும் கண் கூர்மையாகியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

புதன் ஒரு வினோதம். சின்னக் கோள், ஆரம் 2,440 கிலோமீற்றர், அதில் கரு மட்டும் 2,000. மேலே உள்ள கல் வெறும் 400 கிலோமீற்றர் சொச்சம், பெரிய இரும்பு உருண்டைக்குக் கல்லால் ஒரு மேற்சட்டை போட்ட மாதிரி. ஏன் இப்படி என்பதற்குப் பழைய விளக்கம், பெரிய மோதல் ஒன்று மேலே இருந்த கல்லை அடித்துக்கொண்டு போயிற்று என்பது. ஆனால் 2011 முதல் 2015 வரை அதைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம், அவ்வளவு சூட்டில் ஆவியாகிப் போயிருக்க வேண்டிய பொட்டாசியமும் கந்தகமும் அங்கே தாராளமாக இருப்பதைக் கண்டதில் இருந்து அந்தக் கதை ஆட்டம் கண்டுவிட்டது. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. புதனில் ஒருவரும் நிலநடுக்கமானி வைக்கவில்லை, ஆனாலும் கருவில் திரவம் உண்டு என்று 2007இலேயே பூமியில் இருந்து ராடார் அலை அனுப்பி அறிந்தார்கள். இதை வகுப்பில் முட்டையை வைத்துக் காட்டுங்கள்: ஒரு அவித்த முட்டை, ஒரு பச்சை முட்டை, இரண்டையும் மேசையில் சுழற்றி, விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி விடுங்கள். அவித்தது நின்றுவிடும், பச்சை முட்டை விரலை எடுத்ததும் மறுபடி மெல்லச் சுழலும், ஏனென்றால் ஓடு நின்றாலும் உள்ளே இருப்பது நிற்கவில்லை. புதன் சுழலும்போது சூரியனின் இழுப்பால் அதற்கு ஒரு சிறு ஆட்டம் உண்டு, முழுதும் திண்மமாக இருந்தால் வரக்கூடிய ஆட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டம் தெரிந்தது. ஓடு தனியாக ஆடுகிறது, உள்ளே வழுக்குகிறது.

வெள்ளியைப் பற்றித்தான் படங்கள் அதிகம் பொய் சொல்கின்றன. பருமனிலும் எடையிலும் அது பூமியின் தங்கச்சி, ஆகவே உள்ளேயும் பூமி மாதிரித்தான் இருக்கும் என்று எண்ணிப் பூமியின் படத்தையே கொஞ்சம் சின்னதாக்கிப் போட்டுவிடுகிறார்கள். எடை தெரியும். அதிர்வு தெரியாது, தரையில் 460 பாகைக்கு மேல் சூடு, நம்மைப் போல 90 மடங்கு காற்றழுத்தம், 1982இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனெரா 13 தாக்குப் பிடித்தது 127 நிமிடம். சுழற்சியும் உதவவில்லை, ஒரு சுற்றுக்கு 243 நாள் எடுக்கும் சோம்பேறிக் கோள் அது. 2021இல் பல வருட ராடார் அளவீட்டுக்குப் பிறகு அந்தச் சுழற்சி எண்ணைச் சொன்னார்கள், 0.337, ஆனால் பிழை எல்லை அவ்வளவு அகலம், கருவின் ஆரம் 3,500 கிலோமீற்றர், 500 கூடலாம் குறையலாம் என்றுதான் முடிகிறது. காந்தப்புலமும் இல்லை. கரு முழுதும் திரவமா, முழுதும் உறைந்துவிட்டதா என்பதுகூடத் திறந்த கேள்விதான்.

ஆகவே வகுப்பில் நான்கு கோளையும் ஒரே தடிப்பான கோட்டால் வரையாதீர்கள். பூமியைப் பேனையால் வரையுங்கள், செவ்வாயையும் புதனையும் பென்சிலால், வெள்ளியைப் புள்ளிக்கோட்டால். படத்தின் கீழ், ஒவ்வொன்றுக்கும் எது தெரியும், எடையா சுழற்சியா அதிர்வா என்று பிள்ளைகளையே எழுத வையுங்கள். பரீட்சைக்குக் கேட்கிற எண்கள் எல்லாம் அந்தப் படத்துக்குள் அடங்கிவிடும், மனப்பாடம் தனியாக வேண்டாம். நேரம் இருந்தால் கோணேசர் மலையடிக்கும் கூட்டிப் போங்கள். அந்த வட்டாரத்துப் பாறைகள் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீற்றருக்கும் கீழே வெந்து உருமாறி, மேலே இருந்தது அரிந்து போகப் போக வெளியே வந்தவை. கோலாத் துளையைவிட ஆழத்தில் இருந்த கல்லை அங்கே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கையால் தொடலாம். மேலோடுதான், கருவுக்கு இன்னும் எவ்வளவோ தூரம், ஆனாலும் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு அது வேறு.

அந்தப் பிள்ளையின் படிப்பு பற்றி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியலுக்குத் தனித் துறை இருக்கிறது, உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களை எடுக்கச் சொல்லுங்கள், எந்தப் பிரிவு என்பதை அந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கோள்களின் உள்ளே போக ஆசை என்றால் கல்லை அடையாளம் காண்பது மட்டும் போதாது, பௌதிகவியலும் கணிதமும் கை கொடுக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு எதற்கு மலையேறும் படிப்பு என்று வீட்டில் யாராவது கேட்டால் இந்த வேலையில் பாதிக்கு மேல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நடக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. நிலநடுக்கப் பதிவுகளை உலகம் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள், பல்லேகலப் பதிவும் அதில் உண்டு. அடுத்து எங்காவது பெரிய நிலநடுக்கம் வந்தால், அந்தப் பதிவை இறக்கி, முதல் அலை எப்போது வந்தது, குறுக்கலை வந்ததா இல்லையா என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் இது இல்லை, பல்கலைக்கழகம் வரை காத்திருக்கவும் தேவையில்லை.